விறகில் கரண்ட்: மாப்ளைக்கு ஒரு கடிதம்

பூப்பாறை

அன்புள்ள மாப்ள,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லாருக்கும் நிம்மதி. எங்களுக்கு மழை இன்னும் விட்டபாடில்லை. ஏலக்காய் எடுப்பு தொடங்கியாயிற்று, ஆள்தான் இல்லை. போடியிலிருந்து ஏறி வருகிற ஜீப் பாதி காலியாக வருகிறது.

சாந்தன்பாறைக்கு மேலே நீ வாங்கிய இடத்துக்குக் கரண்ட் லைன் வராது போலிருக்கிறது, விறகிலேயே கரண்ட் எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். எடுக்கலாம். ஆனால் கரண்டுக்காக விறகை எரிக்காதே. சூட்டுக்காக எரி, அதோடு வருகிற கரண்டை வாங்கிக்கொள்.

நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 யூனிட் (கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்) சூடு இருக்கிறது. அதைக் கரண்டாக மாற்றுகிற இடத்தில்தான் எல்லாம் ஓடிப்போகிறது. அடுப்பில் பொருத்துகிற பிளேட் ஒன்று விற்கிறார்கள். ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியும் பட்டால் கரண்ட் வரும். 1821இல் சீபெக் கண்டுபிடித்த சங்கதி. சூட்டில் நூற்றுக்கு ஐந்து பங்கு கரண்டானாலே பெரிய காரியம். பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி வீட்டில் ஒன்று இருக்கிறது. பிளேட்டின் குளிர்ந்த பக்கத்தில் தண்ணீர்ச் சட்டி. தண்ணீர் கொதி வந்ததும் லைட் மங்குகிறது, பச்சைத் தண்ணீர் மாற்றினால் மறுபடி தெளிகிறது. போன் சார்ஜுக்கும் இரண்டு எல்.இ.டி. பல்புக்கும் ஆகும். டி.வி.க்கு ஆகாது.

உன் கணக்குக்குக் கிட்ட வருவது கேசிஃபையர்தான். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் கரி பஸ் ஓடியதாகப் பெரியவர்கள் சொல்வார்களே, அதே வித்தை. காற்றைக் கட்டுப்படுத்தி விறகை எரித்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு வரும், அதை இன்ஜினுக்குக் கொடுப்பது. கர்நாடகத்தில் தும்கூர் பக்கம் ஹோசஹள்ளியில் 1988இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் இப்படி ஆரம்பித்து ஊருக்கு லைட் போட்டார்கள், பிற்பாடு தண்ணீர் இறைத்தார்கள், மாவு மில்லும் ஓட்டினார்கள். ஒரு யூனிட்டுக்கு ஒன்று, ஒன்றரைக் கிலோ விறகு பிடிக்கும்.

வீட்டு லைட்டுக்கு மட்டும் இதை வைப்பது எலி பிடிக்க மலையைக் கெல்லுகிற கதை. விறகைக் கைப்பிடியளவு துண்டாக வெட்ட வேண்டும், ஈரம் இருந்தால் தார் கட்டி வால்வெல்லாம் ஒட்டிக்கொள்ளும், பில்டரை ஓயாமல் கழுவ வேண்டும். அந்த வாயுவில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு விஷம், அதற்கு வாசனையும் கிடையாது. மூடிய அறையில் கசிந்தால் தூங்குகிறவன் எழுந்திருக்க மாட்டான். ஷெட்டை வீட்டிலிருந்து தள்ளி, நாலு பக்கமும் திறப்பாகப் போடு.

காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு என்றால் கதையே வேறு. 100 கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் 20 கிலோ சொச்சம் தேறும். மிச்சம் 78 கிலோ போலத் தண்ணீர். அதை ஆவியாக்க மட்டும் 50 யூனிட் சூடு, ஸ்டோரில் வீணாவதைச் சேர்த்தால் அதைப்போல் மூன்று பங்கு, ஏறக்குறைய 40 கிலோ விறகு. காற்றைத் தள்ளுகிற அரைக் குதிரைச் சக்தி பேன் இருபது மணி நேரம் ஓடினாலும் ஏழெட்டு யூனிட்தான். அந்தக் கரண்டுக்குப் பத்துக் கிலோ விறகு போதும், இன்ஜின் புகைக்குழாயின் சூடும் ஸ்டோருக்கே போகும். புகை மட்டும் காயில் படவே கூடாது. பச்சை நிறம் போனால் புத்தடியில் ஏலக்காயை ஏலம் விடுகிற இடத்தில் கேட்க நாதியில்லை. குழாய்க்குள் புகை, வெளியே காற்று, அவ்வளவுதான்.

விறகுக்காக மரத்தில் கை வைக்காதே. இங்கே ஒரு மரத்தைத் தொட்டாலும் பாரஸ்ட்காரர் வந்து நிற்பார். மழைக்கு முன் நிழல் மரங்களைக் கவாத்து செய்யும்போது விழுகிற கிளைகளைக் கூரைக்கு அடியில் அடுக்கி ஒரு வருஷம் காயவிடு.

இன்னொன்று. உன் இடத்து ஓரமாக ஓடை இருக்கிறதே. விநாடிக்கு 5 லிட்டர் தண்ணீரைக் குழாயில் 10 மீட்டர் இறக்கினால், பாதி வீணானாலும் கால் கிலோவாட் ராத்திரி பகலாக வரும். நாளைக்கு ஆறு யூனிட். அதுவும் மழைக்காலத்தில், சோலார் படுத்துவிடுகிற மாதங்களில். வீட்டுக்கு அதையும், வெயில் காலத்துக்கு ஒரு சோலார் பேனலையும் வைத்துக்கொள். விறகு ஸ்டோருக்கும் வெந்நீருக்கும் இருக்கட்டும்.

அடுத்த தடவை போனால் ஓடையில் ஒரு குடத்தை வைத்து எத்தனை விநாடியில் நிறைகிறது என்று பார். தண்ணீர் விழுகிற உயரத்தையும் டேப் பிடித்து அளந்து எழுது. அதற்குள் எவனிடமும் கேசிஃபையருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
செல்லத்துரை