காக்ளியர் கருவிக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேளாத பிள்ளைகளுக்குக் காக்ளியர் கருவி (அறுவை செய்து உள்காதில் வைக்கும் பாகமும், வெளியே மாட்டும் பாகமும் கொண்ட, கேட்க உதவும் கருவி) கிடைக்க உதவிய அனைவருக்கும் பெற்றோர் குழுவின் வணக்கம். 6 வயது தாண்டினால் திட்டத்தில் இந்த அறுவைக்கு இடமில்லை. அதனால் நாள் வீணாகாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கே முதல் நன்றி.

அங்கன்வாடி அக்காக்களே, கதவை அறைந்தால் பிள்ளை திரும்புகிறது, காது கேட்கிறது என்று வீட்டில் நம்பிவிடுகிறோம். அது அதிர்வுக்குத் திரும்புவது. அதைக் கண்டுபிடித்து, நடமாடும் மருத்துவக் குழு வந்த அன்றே பிள்ளையைக் காட்டச் சொன்னது நீங்கள்தான்.

கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட்களுக்கு: சத்தம் காது நரம்பு வழியாகப் போகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனைக்குப் பிள்ளை தூங்க வேண்டும். "வரும் வழியில் பஸ்ஸில் தூங்க விட்டுவிடாதீங்கம்மா" என்று முன்கூட்டியே சொன்ன அந்த ஒரு வரியால் எத்தனை வீண் நடை மிச்சம்! காது மெஷின் போட்டுப் பார்த்தது, உள்காதின் நத்தை எலும்பும் நரம்பும் சரியாக இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தது, மூளைக்காய்ச்சல் வராமலிருக்க நிமோகாக்கல் ஊசி போட்டது எல்லாவற்றுக்கும் சேர்த்து நன்றி.

கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு கவுன்ட்டர் ஊழியர்களுக்கும் வி.ஏ.ஓ.க்களுக்கும் தனி நன்றி. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்று எளிதாகக் கிடைத்தது. சிக்கலெல்லாம் ரேஷன் கார்டில்தான். பிள்ளையின் பெயர் அதில் இல்லாவிட்டால் காப்பீட்டு அட்டையிலும் ஏறாது. பிறப்புச் சான்றிதழைக் கொடுத்துப் பெயர் சேர்க்கச் சொன்னீர்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால், ரேஷன் கார்டில் பின்னால் என்றிருந்ததையும் ஆஸ்பத்திரி முன் அனுமதி கேட்பதற்குள் திருத்த வைத்தீர்கள்.

கடைசியாக, பேச்சுப் பயிற்சியாளர்களுக்கு. உங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. தையல் ஆறி, ஏறக்குறைய மூன்று வாரத்தில் கருவியை ஆன் செய்கிறார்கள். முதல் சத்தத்துக்குப் பிள்ளை பெரும்பாலும் அழும். வீட்டார் பயந்து கழற்றி வைத்துவிடுவார்கள். மாதக்கணக்கில் மேப்பிங்கும் (பிள்ளைக்கு ஏற்றபடி கருவியின் ஒலி அளவைச் சரிசெய்வது) பயிற்சியும் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. விட்டுப்போனவர்களைப் போன் போட்டு வரவழைத்தீர்கள். 675 பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் மாட்டாமல் சில நிமிடம் காற்றுப்பட வைக்கணும், ராத்திரி கருவியை சிலிக்கா ஜெல் டப்பாவில் வைக்கணும், தலையில் ஒட்டியிருக்கும் வட்டமான காயிலின் ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று பாட்டிமாரையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தீர்கள். பகலில் பிள்ளை பாட்டியிடம்தானே இருக்கிறது.