கூலி குறைவது யாருக்கு?

ஆசிரியருக்கு,

குடியேறிகள் வந்தால் உள்ளூர்க்காரர் கூலி இறங்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சரியல்ல. 1980-இல் கியூபாவிலிருந்து சுமார் 1,25,000 பேர் அமெரிக்கா வந்தனர்; அவர்களில் பலர் தங்கிய மியாமி நகரின் தொழிலாளர் எண்ணிக்கை சில மாதங்களில் ஏறக்குறைய 7 சதவீதம் கூடியது. ஆனால் 1990-இல் வெளியான பொருளாதார அறிஞர் டேவிட் கார்டின் ஆய்வில் கூலிச் சரிவு தென்படவில்லை. அதே மியாமியில் பள்ளிப்படிப்பை முடிக்காத ஆண்களைத் தனியே பிரித்துப் பார்த்த இன்னொரு பொருளாதார அறிஞர் ஜார்ஜ் போர்ஹாஸ் பின்னர் 10 முதல் 30 சதவீதம் வரை சரிவு கண்டார். அந்தப் பிரிவில் கணக்கில் வந்தவர்களோ மிகச் சிலர். கணக்கெடுப்பில் சேர்ந்த கறுப்பினத்தவர் விகிதமும் இடையில் மாறிவிட்டது; சரிவு அதனாலும் தோன்றியிருக்கலாம். அதை வைத்துக் கதவடைக்கச் சொல்வது அநியாயம்.

மெக்சிகோவிலிருந்து பண்ணைத் தொழிலாளர்களை வரவழைத்த திட்டத்தை 1964-இல் அமெரிக்கா நிறுத்தியும், அதனால் உள்ளூர்க்காரர் கூலி ஏறவில்லை. ஆட்களுக்குப் பதிலாகத் தக்காளி பறிக்க இயந்திரம் வந்தது.

குடியேறித் தொழிலாளியின் விசாவை ஒரே முதலாளியோடு கட்டிப்போட்டால், குறைந்த கூலி கொடுத்தாலும் தொழிலாளி வேறிடம் போக முடியாது. முதலில் அந்தக் கட்டை அவிழ்க்க வேண்டும்.

வாசகர்