வலிப்புள்ள பிள்ளைகளின் பெற்றோர் சங்கம், யாழ்ப்பாணம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகசபையினருக்கும், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இந்த வெயிலில் வந்திருக்கும் பெற்றோருக்கும், அம்மம்மா அப்பம்மாமாருக்கும் வணக்கம்.

நிர்வாகசபை மாதம் ஒருமுறை கூடியது. மாரி மழையில் ஒரு மாதம் மட்டும் தவறியது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பாடசாலைகளில் முதலுதவி சொல்லிக்கொடுக்கும் வேலையும் தொடர்கிறது: பிள்ளையைப் பக்கவாட்டில் கிடத்துங்கள், வாய்க்குள் ஒன்றும் வைக்காதீர்கள், கையில் திறப்பைத் திணிக்காதீர்கள், மணிக்கூட்டைப் பாருங்கள், 5 நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

ஆனால் இந்த ஆண்டு எங்கள் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்தது, மாச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிக் கொடுக்கும் கீட்டோ உணவுதான். ஒரு கூட்டத்தில் ஒரு தகப்பன் எழும்பிக் கேட்டார்: "மூண்டு மருந்து மாத்தியாச்சு, இன்னும் நாளுக்கு நாலைஞ்சு தரம் வருது. எண்ணெயும் முட்டையும் குடுத்தா நிக்குமாம். உண்மையோ?"

அதற்காகவே ஒரு நரம்பியல் வைத்தியரையும் போசணை ஆலோசகர் ஒருவரையும் அழைத்துப் பேச வைத்தோம். வலிப்புள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு மருந்து முழுக் கட்டுப்பாட்டைத் தருவதில்லை. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால்தான் பெரும்பாலும் இந்த உணவைப் பற்றி யோசிப்பார்கள். இது புதுக்கதை அல்ல. பட்டினி கிடக்கும்போது வலிப்பு குறைவதைப் பார்த்து, அதே நிலையைக் கொழுப்பு உணவால் உண்டாக்கலாம் என்று 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரசல் வைல்டர் முன்வைத்தார். மாச்சத்துக் கிடைக்காத உடம்பு கொழுப்பை எரிக்கும். அதில் வரும் கீட்டோன்களை மூளை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். 1938இல் பெனிற்றோயின் என்ற வலிப்பு மருந்து வந்த பிறகு இந்த உணவு மெல்ல ஒதுங்கிப்போனது. 2008இல் லண்டனில் 145 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு வெளியானது. மூன்று மாதத்தில் உணவு எடுத்த பிள்ளைகளில் 38 வீதத்தினருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. எடுக்காதவர்களில் 6 வீதத்தினருக்கு மட்டுமே அப்படிக் குறைந்தது. அதாவது எல்லாப் பிள்ளைக்கும் பலிக்காது. பலித்த பிள்ளையின் வீட்டில் அது எவ்வளவு பெரிய காரியம் என்பது இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

"பட்டினியில் நிற்குமென்றால் பிள்ளையைச் சட்டி விரதம் பிடிக்க வைக்கலாமா?" என்று ஒரு அம்மா கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றார் வைத்தியர்.

சமையலுக்கு வருவோம். கடுமையான முறையில் புரதமும் மாச்சத்தும் சேர்ந்து ஒரு கிராம் என்றால், அதற்கு நாலு கிராம் கொழுப்பு. சாப்பாட்டின் சக்தியில் 90 வீதம் கொழுப்பிலிருந்துதான் வரும். இளக்கமான முறையிலும் சின்னப் பிள்ளைக்கு நாள் முழுதுக்கும் 10 முதல் 20 கிராம் மாச்சத்துத்தான் கணக்கு. ஒரு நீத்துப்பெட்டிப் புட்டில் அதைப்போலப் பல மடங்கு இருக்கிறது. புட்டும் இடியப்பமும் இல்லாமல் யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளையை வளர்ப்பதா என்று மலைத்துப் போனோம்.

வைத்தியரின் மேற்பார்வையில் தொடங்கிய ஒரு வீட்டுக்கு நானும் உபதலைவரும் போயிருந்தோம். குசினி மேசையில் ஒரு டிஜிட்டல் தராசு, பக்கத்தில் ஒரு கொப்பி. அந்தத் தாய் அடித்த முட்டையைக் கிண்ணத்தோடு நிறுத்தார். இரண்டு கிராம் கூடிவிட்டது என்று கரண்டியால் எடுத்தார். தேங்காய் எண்ணெயில் பொரித்தார். முதற்பாலில் கொஞ்சம் கீரை. பிள்ளை சாப்பிட்டு முடிந்ததும் கோப்பையில் ஒட்டியிருந்த எண்ணெயைக் கரண்டியால் வழித்து ஊட்டினார், அதுவும் கணக்கில் சேர்ந்தது என்பதால். வேளைக்கு வேளை இதே வேலை. இதைப் பார்த்த பிறகு, உணவுதானே, லேசான வழி என்று யாரும் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

அதே வீட்டில் ஒருநாள் அம்மம்மா தேத்தண்ணி குடிக்கும்போது பேரனின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் ஒரு துண்டு பனங்கட்டி கொடுத்துவிட்டார். இரவு சிறுநீர் பரிசோதிக்கும் குச்சியில், கீட்டோன் இருப்பதைக் காட்டும் ஊதா நிறம் வெளிறிப்போயிருந்தது. விடியப்புறம் வலிப்பு வந்தது. அந்தத் துண்டால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அப்படி நடக்கக்கூடும் என்றார் வைத்தியர். அம்மம்மா அழுதார். இப்போது கொப்பியில் எழுதுவதே அவர்தான். அதனால்தான் இம்முறை அம்மம்மாமாரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டோம்.

மனவருத்தத்தோடு இன்னொன்றையும் பதிவு செய்கிறேன். எங்கள் உறுப்பினர் ஒருவர் வீடியோ பார்த்து, தானாகவே உணவைத் தொடங்கி, மாத்திரையையும் நிறுத்திவிட்டார். பிள்ளை அடுத்தடுத்து வலித்து ஆஸ்பத்திரியில் கிடந்தது. முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டும், நாங்கள் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: மாத்திரையை வைத்தியர் சொல்லாமல் குறைக்கக் கூடாது. கொழுப்பை எரிக்க முடியாத பிறவிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு இந்த உணவு ஆபத்து. அதனால் தொடங்கமுன் இரத்தப் பரிசோதனை கட்டாயம். மலச்சிக்கல், வாந்தி, சிறுநீரகக் கல், வளர்ச்சி குறைதல், கொலஸ்ரரோல் கூடுதல் எல்லாம் வரக்கூடியவை. விற்றமினும் கல்சியமும் தனியாகக் கொடுக்க வேண்டும். இருமல் பாணியில்கூட சீனி இருக்கிறது. பார்மசியில் கேட்டு வாங்குங்கள். பலன் இருக்கிறதா என்று வழக்கமாக மூன்று மாதம் பார்ப்பார்கள். இருந்தால் இரண்டு வருடமளவில் வைத்து, பிறகு மெல்ல மெல்ல வழமைச் சாப்பாட்டுக்குக் கொண்டுவருவார்கள்.

வரும் ஆண்டுக்கு இரண்டு பிரேரணைகள். ஒன்று, உணவு தொடங்கும் குடும்பங்களுக்கு இரவல் கொடுக்கச் சங்கச் செலவில் இரண்டு தராசு வாங்குவது. மற்றது, "இந்தப் பிள்ளைக்கு மருந்தே சாப்பாடுதான், தயவுசெய்து இனிப்பு, பிரசாதம் கொடுக்க வேண்டாம்" என்று வகுப்பாசிரியருக்கும் அயலவருக்கும் கொடுக்க ஒரு துண்டுக்கடிதம் அச்சடிப்பது. நல்லூர்த் திருவிழா வருமுன் அது கையில் இருந்தால் நல்லது. சபை இவற்றை ஏற்று வழிமொழியும்படி கேட்டு, அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்