ரோஸ் நிறத்தில் முளைத்த கிருமி

கபரோன், போட்ஸ்வானா
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்கா,

இங்கே இப்போது குளிர்காலம், காலையில் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. மற்றபடி ஊர் பழகிவிட்டது. சோளக் கூழை இங்கே போகோபே என்கிறார்கள், ஆத்தா காய்ச்சியது மாதிரியே லேசான புளிப்பு. பெண்களைப் பார்த்தால் 'டுமேலா ம்மா' என்று வணக்கம் சொல்வார்கள், அந்த 'ம்மா'வைக் கேட்டாலே வீட்டு ஞாபகம்தான்.

போனில் சொன்னாயே, எச்ஐவி மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது வாரம் காய்ச்சலும் இருமலும் வந்து, 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று ஒருவர் நிறுத்திவிட்டார் என்று, அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதே நிலையில் இருந்த ஒருவரின் சளி இங்கே என் லேப் மேஜைக்கு வந்தது. மாடு மேய்ப்பவர், எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் ரத்த அணு எண்ணிக்கையான சிடி4 வெறும் 38. மாத்திரை வேலை செய்ததால்தான் அந்தக் காய்ச்சலே. அதுவரை நுரையீரலில் சத்தமில்லாமல் கிடந்த கிருமியை, எதிர்ப்புச் சக்தி திரும்பியதும் உடம்பு அடையாளம் கண்டு சண்டைக்குப் போகிறது, உங்கள் டாக்டர்கள் ஐரிஸ் என்பார்களே, அது. பெரும்பாலும் டிபிதான் இப்படி வெளிப்படும். இவருக்கும் எக்ஸ்ரேயில் மேல்பக்கம் ஓட்டை, ஸ்லைடில் டிபி சாயம் லேசாகப் பிடித்திருந்தது, எல்லாரும் டிபி என்றே நினைத்தோம். டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையில் மட்டும் டிபி இல்லை என்று வந்தது.

சளியைத் தடவிக் கிருமி வளர்க்கும் பிளேட்டில் இரண்டாம் நாளே வழவழவென்று என்னமோ முளைத்தது. வெளியிலிருந்து விழுந்த கிருமி என்று வீசப் போனேன் அக்கா, கையில் எடுத்தும் விட்டேன். மனசு கேட்காமல் இன்னும் இரண்டு நாள் வைத்தேன், இளம் ரோஸ் நிறமாக மாறியது. ரோடோகாக்கஸ் ஈக்வை! குதிரைக்குட்டிகளுக்கு நிமோனியா கொடுக்கிற கிருமி, 1923-இல் ஸ்வீடனில் கண்டுபிடித்தது, சாணம் கலந்த மண்ணில் இருக்கும். மனிதருக்கு வருவது அபூர்வம்.

அசித்ரோமைசினும் ரிஃபாம்பிசினும் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். ரிஃபாம்பிசின், எச்ஐவி மாத்திரையான டோலுடெக்ராவிரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும் என்பதால் டோலுடெக்ராவிரை இரண்டு வேளையாக்கினார்கள், ஏஆர்டியை, அதாவது எச்ஐவி சிகிச்சையை, ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. இப்போது காய்ச்சல் இல்லை, எடை ஏறுகிறது. ஆனால் எனக்கு இன்னும் தூக்கம் வரவில்லை. அந்த பிளேட்டை வீசியிருந்தால் டிபி மருந்து மட்டும் போயிருக்கும், அதிலும் ரிஃபாம்பிசின் இருக்கிறதே, கொஞ்ச நாள் தேறுவது மாதிரி காட்டி மறுபடி விழுந்திருக்கலாம்.

அதனால் அவரை வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கூப்பிடு அக்கா, திட்டாதே. டாக்டரைப் பார்க்க வை, சளியைப் பிளேட்டில் வளர்த்துப் பார்க்கும் சாதாரண கல்ச்சருக்கும் அனுப்பச் சொல், ஆடு மாடு வைத்திருக்கிறாரா என்று கேள். வந்தாரா இல்லையா என்று உடனே எழுது. அம்மாவின் கண் ஆபரேஷன் தேதியையும்.

அன்புடன்,
தம்பி