ஸ்கோர்ஷீட்ல விழாத பாஸ்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன வாரம் மாவட்டப் பக்கத்துல எங்க மலையில பாஸ்கெட்பால் ஆடுற ரெண்டு பசங்களைப் பத்தி எழுதியிருந்தீங்க, அடுத்த பெரிய பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துறவன், யாருன்னு தலைப்பு போட்டு. முதல்ல அதுக்கு நன்றி சொல்லிடறேன், ஏன்னா கொடைக்கானல்னா மலர்க்கண்காட்சியும் டிராபிக் ஜாமும் தவிர வேற நியூஸே இல்லாத மாதிரிதான் எல்லா பேப்பரும் போடுவாங்க. ஆனா கடைசில நீங்க சொன்ன முடிவை என்னால ஒத்துக்க முடியலங்க. உசரம், ஷாட்டோட அழகு, மேட்சுக்கு எத்தனை பாயிண்ட், இந்த மூணை வச்சு டவுன்ல இருக்கிற இடதுகைப் பையன்தான் மேலன்னு முடிச்சிட்டீங்க, பண்ணைக்காட்டுப் பக்கத்துப் பையனுக்கு 'வேகம் இல்ல, உழைக்கிற வீரர்'னு ஒரு வரியோட சரி. பேரு நான் எழுதல, ரெண்டும் ஸ்கூல் படிக்கிற புள்ளைங்க, உங்க நிருபர் எழுதினதே போதும்.

நான் பெருமாள்மலைல பழக்கடை வச்சிருக்கேன், ரெண்டு பேர் ஆட்டத்தையும் நேர்ல பாத்திருக்கேன். இடதுகைப் பையன் நல்ல பிளேயர், அதுல சந்தேகமே இல்ல, அவன் ஸ்டெப் பேக் எடுத்து, அதாவது டக்குனு ஒரு எட்டு பின்னால போய், ஷாட் போடுறப்ப கோர்ட்ட சுத்தி நிக்கிறவன் எல்லாம் போன தூக்கிருவான். இன்னொருத்தன் ஷாட் பாக்கவே நல்லாருக்காது, நெஞ்சுக்கிட்ட இருந்து பந்தைத் தள்ளி விடுவான், ஆனா உள்ள போயிரும். அழகா இருக்கிறதால ஒருத்தனுக்கு மார்க் போடறது சரின்னா 2020 என்பிஏ டிராஃப்ட்ல, அதாவது அமெரிக்காவோட பெரிய பாஸ்கெட்பால் லீக்ல டீம்கள் வரிசையா புதுப் பசங்களை எடுக்கிறதுல, நடந்ததையும் கொஞ்சம் பாக்கணும்.

அந்த வருசம் கில்லியன் ஹேஸ்னு ஒரு பையன், பிரான்ஸ்ல வளந்தவன், ஜெர்மனில உல்ம் டீமுக்கு ஆடிட்டு வந்தான், அவனும் இடதுகைதான், நல்ல உசரம், ஸ்டெப் பேக் பாத்து எல்லாரும் மயங்குனாங்க, டெட்ராய்ட் டீம் 7வது ஆளா எடுத்துச்சு. டைரீஸ் ஹாலிபர்ட்டன் அயோவா ஸ்டேட் காலேஜ்ல ஆடுனவன், கடைசி சீசன்ல மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு பாதில நின்னுட்டான், காலேஜ் த்ரீ பாயிண்டர்ல (தூரத்துக் கோட்டுக்கு வெளிய இருந்து போடுற மூணு பாயிண்ட் ஷாட்) 40 சதவீதத்துக்கு மேல போட்டிருந்தும் ஷாட் போடுற விதம் சரியில்ல, இது பெரிய லீக்ல செல்லாதுன்னு பேசுனாங்க, 12வதா சாக்ரமெண்டோ எடுத்துச்சு. அப்புறம் என்னாச்சு, ஹேஸ் முதல் மூணு சீசன்ல மொத்த ஷாட்ல 40 சதவீதத்தைத் தொடவே இல்ல, 2024 பிப்ரவரில டெட்ராய்ட்டே அவனை விட்டுருச்சு. ஹாலிபர்ட்டன் 2022ல இந்தியானாவுக்குப் போனான், 2023-24ல மேட்சுக்கு 10.9 அசிஸ்ட் (அடுத்தவனைக் கூடை போட வச்ச பாஸ்), லீக்லயே முதல் இடம், 2025ல டீமை ஃபைனல் வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டான். ஃபைனல் முதல் மேட்ச்ல 0.3 செகண்ட் பாக்கி இருக்கிறப்ப ஜெயிக்க வச்ச ஷாட் அந்த 'சரியில்லாத' ஷாட்தான். ஏழாவது மேட்ச்ல குதிகால் தசைநாண் அறுந்து விழுந்தான் பாவம், அது வேற கதை.

ஆனா அவன்கிட்ட எனக்குப் பிடிச்சது அந்த ஷாட் இல்லங்க. அதுக்கு முந்துன ரவுண்டுல நியூயார்க்கோட நாலாவது மேட்ச், 32 பாயிண்ட், 15 அசிஸ்ட், 12 ரீபவுண்ட் (உள்ள போகாம திரும்புன பந்தைப் பிடிக்கிறது), டர்ன்ஓவர் சைபர். ஆட்டம் பூரா பந்து அவன் கைலயேதான் கெடக்கு, ஒரு தடவ கூட எதிராளிகிட்ட தாரை வாக்கல. பாயிண்ட் கார்டுன்னா இதுதானே. பாயிண்ட் போட டீம்ல இன்னும் நாலு பேர் இருக்காங்க.

இப்ப நம்ம பசங்களுக்கு வர்றேன். சமீபத்துல ஒரு மேட்ச்ல எதிர் டீம் ஃபுல் கோர்ட் பிரஸ் போட்டாங்க, அதாவது கோர்ட் பூரா கூடவே வந்து அடைச்சாங்க, ஸ்கூல் மேட்ச்ல பிரஸ் போட்டா பாதி டீம் அங்கேயே உக்காந்துரும், எட்டு செகண்டுக்குள்ள பாதிக்கோட்டைத் தாண்டணும்ல. இடதுகைப் பையன் பந்தை வாங்குனதும் தலையக் குனிஞ்சு டிரிபிள் (பந்தைத் தரைல தட்டிக்கிட்டே போறது) ஆரம்பிச்சுட்டான், அவன் இடது பக்கம்தான் போவான்னு இந்த மலைக்கே தெரியும், சைட்லைன் ஓரத்துல ரெண்டு பேர் வந்து அடைச்சுட்டாங்க, பந்து போச்சு, அடுத்த தடவையும் அதே எடம் அதே கதை. இன்னொரு மேட்ச்ல பண்ணைக்காட்டுப் பையனுக்கும் அதே டீம் அதே பிரஸ்தான் போட்டுச்சு, அவன் பந்து கைக்கு வர்றதுக்கு முன்னாடியே தோளுக்கு மேல திரும்பி ஒரு பார்வை பாத்துட்டான், யார் எங்க நிக்கிறான்னு அப்பவே கணக்கு முடிஞ்சுது, வாங்குன வேகத்துல நடுவுல நிக்கிற நெட்டப் பையனுக்கு ஒரு பாஸ், அவன் ஓரத்துல ஓடுறவனுக்கு ஒரு பாஸ், ரிங்குக்குக் கிட்டப் போய் ஒரு லே அப், முடிஞ்சுது. நம்மாள் டிரிபிளே பண்ணல!

இதுல பாயிண்ட் லே அப் போட்டவனுக்கு, அசிஸ்ட்னு எழுதுனாலும் அது நெட்டப் பையனுக்கு, மொதல்ல கதவைத் தொறந்து விட்டவன் கணக்குல ஒண்ணுமே இல்ல. அதை விடுங்க, நம்ம ஊர் போட்டில டேபிள்ல உக்காந்து எழுதுற ஸ்கோர்ஷீட்ல யார் எத்தனை பாயிண்ட், எத்தனை ஃபவுல், எப்ப டைம் அவுட், இவ்ளோதான் இருக்கும், அசிஸ்ட்டுக்கும் டர்ன்ஓவருக்கும் அதுல எடமே கிடையாது. உங்க நிருபர் அந்தத் தாளை வாங்கித்தான் கட்டுரை எழுதியிருக்காருன்னு படிச்சவுடனே தெரிஞ்சுது. அதை வச்சு ஷூட்டரை வேணா தேடலாம், பாயிண்ட் கார்டை எப்படிங்க தேடுவீங்க?

இன்னொரு விசயம், பண்ணைக்காட்டுப் பையன் பழகறது தொறந்தவெளி சிமெண்ட் கோர்ட்ல. அக்டோபர்ல மழை பிடிச்சா டிசம்பர் வரைக்கும் தரை காயாது, பந்து சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும், குளிர்ல எந்திரிக்கவும் எந்திரிக்காது. அதனாலயே அவன் பந்தை முட்டிக்குக் கீழ வச்சுதான் தட்டுவான், தேவையில்லாம தட்டவும் மாட்டான். வேகம் இல்லன்னு நீங்க எழுதியிருக்கீங்க, ஈரத்துல வேகமா ஓடுனவன் கையை ஒடச்சுகிட்டதை எல்லாம் நாங்க பாத்துட்டோம்.

இடதுகைப் பையனைக் குறை சொல்றேன்னு யாரும் நெனைக்க வேணாம். என் கணக்குப்படி அவனை ரெண்டாவது கார்டா, ஷூட்டிங் கார்டா ஆட வைக்கணும், வேற ஒருத்தன் பந்தைக் கொண்டு வந்து குடுத்தா அவன் இன்னும் நல்லா போடுவான், வலது கைல டிரிபிள் பழகுனா அப்புறம் பாக்கலாம். நம்மூர்ல உசரமா ஒருத்தன் கெடச்சா எல்லாத்தையும் அவன் தலைலயே கட்டிடறோம். ஏழடி ரெண்டு இன்ச் சத்னம் சிங் 2015ல டல்லாஸ் டீமுக்கு 52வதா தேர்வானப்ப நாடே கொண்டாடுச்சு, நானும் சந்தோசப்பட்டேன், கடைசில என்பிஏல ஒரு மேட்ச் கூட ஆடல. அவரைக் குத்தம் சொல்லல, உசரத்தைப் பாத்ததும் நாம எவ்ளோ சீக்கிரம் முடிவுக்கு வந்துடறோம்னு சொல்றேன்.

மே மாசம் பெரியகுளத்துல அகில இந்தியப் போட்டி நடக்கும்ல, நேவி, ஆர்மி, பேங்க் டீம் எல்லாம் வருமே, யாராவது ரெண்டு பேரையும் ஒண்ணா கூட்டிட்டுப் போய் உக்கார வச்சா நல்லாருக்கும், அடுக்கம் ரோட்ல எறங்குனா கும்பக்கரை வழியா பக்கம்தான். பெரிய டீம் பாயிண்ட் கார்டு ஸ்கிரீன் (எதிராளியை மறிச்சு நிக்கிற சொந்த டீம் ஆள்) வந்தவுடனே யாரைப் பாக்குறான், எப்ப வேகத்தைக் கொறைக்கிறான்னு பாத்தாலே பாதி பாடம் வந்துரும். கீழ வெயில்தான் தாங்காது, எங்க பசங்க ரெண்டாவது குவார்ட்டர்லயே நாக்கு தள்ளிடுவானுங்க, அதனால ஆடுறதுக்கு முன்னாடி ஒரு வருசம் சும்மா பாத்துட்டு வரட்டும்.

உங்ககிட்ட கேக்குறது ஒண்ணே ஒண்ணு, அடுத்த மாவட்டப் போட்டிக்கு நிருபர் தம்பி வர்றப்ப ஸ்கோர்ஷீட்ட மட்டும் நம்பாம ஒரு நோட்டுல இந்த ரெண்டு பேருக்கும் அசிஸ்ட் எத்தனை, பந்தைத் தொலைச்சது எத்தனைன்னு கோடு போட்டு எழுதச் சொல்லுங்க, முழு மேட்ச்சும் உக்காந்து. அப்பவும் அதே முடிவுதான் வந்துச்சுன்னா போடுங்க, நான் படிக்கிறேன். மேல வந்து பிராக்டிஸ் பாக்குறதா இருந்தா மதியமே வரச் சொல்லுங்க, நாலு மணிக்கு மேல மேகம் எறங்கிட்டா எங்களுக்கே ரிங் தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
பெருமாள்மலை