மூணு பவுண்டு புக்கும் முன்னூறு கிலோமீட்டர் நடையும்

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுறேன். வாட்ஸப்ல டைப் பண்ண ஆரம்பிச்சேன், பாதியில உங்கம்மா எட்டிப் பாத்துட்டு இது என்ன மெசேஜா இல்ல ரிஜிஸ்டர் தபாலான்னு கேட்டா, அதான் மெயில்லயே எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். மே மாசம் இங்கிலாந்துல மேற்குக் கடல்ல இருந்து கிழக்குக் கடல் வரைக்கும் நடக்கப் போறேன்னு நீ அனுப்புன மூணு கைடு புக் போட்டோவையும் நல்லா பெருசு பண்ணிப் பாத்தேன். "அப்பா நீங்கதான் மேப் ஆளு, எது வாங்கட்டும் சொல்லுங்க"ன்னு நீ போட்ட ஒரு வரிக்கு மூணு நாளா பதில் யோசிச்சிட்டு இருக்கேன். ரிட்டயர்டு ஆன ஒரு சர்வேயர்கிட்ட இதையெல்லாம் கேட்டா இப்படித்தான்.

முதல்ல அந்த மூணு பவுண்டு புக். ஆன்லைன்ல போட்டோவுல புது அட்டை காட்டிட்டு கையில வந்தது 2004-ம் வருஷத்து புக்குன்னு சொன்னியே. திருப்பி அனுப்பாத, வச்சுக்க. யாரோ பென்சில்ல ஓரத்துல குறிப்பு எழுதியிருக்காங்கன்னு சொன்னேல்ல, மூணு பவுண்டு அதுக்கே சரியாப் போச்சு. ஆனா அத நம்பி நடக்காத. இத மட்டும் நான் கண்டிப்பாவே சொல்லுவேன்.

ஏன்னு கேளு. 87-ல நான் வேலைக்கு சேந்த புதுசுல செங்கோட்டைப் பக்கம் மலையடிவாரத்துல ஒரு கிராமத்துக்கு அளக்கப் போனேன், கையில பழைய கிராம மேப், அதுல வண்டிப்பாதைன்னு நல்லா பளிச்சுன்னு ரெட்டைக் கோடு போட்டிருக்கு, செயின்மேன் அண்ணாச்சி "சார் ஊர்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போவோம்"னு சொல்றாரு, நான்தான் புது மாப்பிள்ளை கணக்கா மேப் இருக்கும்போது ஊர்க்காரன்கிட்ட என்ன கேக்கிறதுன்னு நடந்துட்டேன். ரெண்டு மைல் போனப்புறம் பாதை இருந்த எடத்துல தென்னந்தோப்பு, சுத்தி முள்வேலி, உள்ள ரெண்டு நாயி. வந்த வழியே வெயில்ல திரும்பி நடந்தோம், அண்ணாச்சி ஒரு வார்த்தை பேசல, அதுதான் ரொம்ப வலிச்சுது. மேப்புல தப்பு கிடையாது, அது வரைஞ்ச வருஷத்துல பாதை இருந்திருக்கும். வருஷத்தைப் பாக்காதது என் தப்பு.

நீ போற பாதைக்கு இது இன்னும் அதிகமா பொருந்தும். இந்த கோஸ்ட் டு கோஸ்ட் நடைய உருவாக்குன வெயின்ரைட், கெண்டல் ஊர்ல டவுன் ஆபீஸ்ல கணக்கு பாத்த மனுஷன், போன வருஷம் நாம கெண்டல்ல டீ குடிச்சோமே அதே ஊருதான். 1973-ல புக்கு போட்டாரு, எழுத்தும் படமும் எல்லாமே அவரு கையால எழுதினது. மேற்க செயின்ட் பீஸ்ல ஐரிஷ் கடல்ல கால நனைச்சிட்டு கிழக்க ராபின் ஹுட்ஸ் பேல வட கடல் வரைக்கும், சுமார் 190 மைலு. ஆனா அந்த முதல் புக்குல அவரு காட்டுன வழியில சில எடம் சட்டப்படி பொதுப்பாதையே கிடையாது, அடுத்தவன் நிலம், அதனால பின்னாடி வந்த பதிப்புகள்ல வழிய மாத்த வேண்டி வந்துச்சு. நம்மூர் பாஷையில சொன்னா பட்டா நிலத்துக்குள்ள வண்டிப்பாதை போட்டுட்டாரு! படிச்சப்ப எனக்கு ஒரு சந்தோஷம், பெரிய ஆளுக்கும் இந்த தென்னந்தோப்பு கதை இருக்குன்னு.

இன்னொண்ணு, 2022-ல அங்கத்த அரசாங்கம் இத நேஷனல் டிரெயிலா, அதாவது தேசிய நடைபாதையா, ஆக்கப்போறோம்னு அறிவிச்சுது, அதுக்காக சில எடத்துல பாதையையே மாத்தவும் செஞ்சாங்க. அதனால அதுக்கப்புறம் வந்த பதிப்புதான் வாங்கணும். கடையில புக்க எடுத்ததும் அட்டையப் பாக்காத, உள்ள ரெண்டாவது மூணாவது பக்கத்துல பொடி எழுத்துல பதிப்பு வருஷம் போட்டிருப்பான் பாரு, அதப் பாரு. அதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு, மறு அச்சு வேற மறு பதிப்பு வேற. மறு அச்சுன்னா பழைய சரக்கையே திரும்ப அச்சடிச்சிருக்கான்னு அர்த்தம், வருஷம் புதுசா இருக்கும் உள்ள விஷயம் பழசு. கடைசியா எப்ப பதிப்பு மாறுச்சோ அந்த வருஷத்ததான் கணக்குல எடுக்கணும்.

இப்ப மத்த ரெண்டு புக்கு. சிசரோன்ங்கிற கம்பெனி போட்ட புக்கோட தனியா ஒரு சின்ன மேப் புக்கு வருது, 1:25,000 ஸ்கேல், அதாவது நாலு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். அங்கத்த அரசாங்க சர்வே ஆபீஸான ஆர்டனன்ஸ் சர்வேயோட மேப்ப அப்படியே போட்டிருக்கான், வயலுக்கு வயல் கல்லுச்சுவர் தெரியுது, எனக்கு நம்மூர்ல நிலத்த அளந்து வரையிற எஃப்எம்பி படத்த பாத்த மாதிரி இருந்துச்சு. இன்னொரு கம்பெனியான டிரெயில்பிளேசர் புக்குல மேப் கையால போட்ட ஸ்கெட்ச், 1:20,000, அதுல எந்த கேட்டத் திறக்கணும், எந்த எடத்துல சுவரேறித் தாண்டணும், எங்க சேறு, எந்த வீட்டுல தங்கலாம், எங்க சோறு கிடைக்கும்னு ஓரத்துலயே எழுதியிருக்கு. உங்கம்மா ஓட்டு இதுக்குத்தான். எனக்கு முதல்ல ஸ்கெட்ச்சு மேல நம்பிக்கையில்ல, ஆனா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தப்ப புரிஞ்சுது, நடக்கிறவனுக்கு கேட் எங்க இருக்குன்னுதான் வேணும், உயரத்தக் காட்டுற காண்டூர் கோடெல்லாம் அப்புறம்.

ஆனா ரெண்டுக்கும் ஒரே குறை இருக்கு. பாதைய ஒட்டி ஒரு பட்டை அளவுக்குத்தான் காட்டுது. அந்தப் பட்டைக்குள்ள இருக்கிற வரைக்கும் நீ ராஜா, பனிமூட்டத்துல அரை மைல் வெளிய போயிட்டா நீ நிக்கிற எடமே அந்த புக்குல கிடையாது. அதனால புக்கோட ஒரு மேப்பும் வேணும். மொத்த வழிக்கும் ஆர்டனன்ஸ் சர்வேயோட எக்ஸ்ப்ளோரர் வரிசை மேப் வாங்குனா ஒரு கட்டு ஆயிடும், தூக்க முடியாது. ஹார்வி மேப் ஒண்ணு இருக்கு, இந்த நடைக்குன்னே போட்டது, 1:40,000, மழையில நனையாத பிளாஸ்டிக் மாதிரி தாளு, மடிச்சா பாக்கெட்ல அடங்கும். அதோட ஆரம்பத்துல வர்ற லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதி நாட்களுக்கு மட்டும் எக்ஸ்ப்ளோரர் ஓஎல்4, ஓஎல்5 ரெண்டும் வாங்கிக்க. அதுல பொதுப்பாதை பச்சை கலர்ல கோடு கோடா இருக்கும். காகித மேப் வாங்கினா அதே மேப்ப போன்ல எறக்குறதுக்கு உள்ள ஒரு ரகசிய நம்பரும் குடுக்கிறான், சுரண்டிப் பாரு. போன்தான் இருக்கேன்னு நீ சொல்லுவ, தெரியும், குளிர்ல சார்ஜ் எப்படி ஓடுதுன்னு போன டிசம்பர் நானே பாத்தேன்.

ஓஎல்5 ஏன் கேக்கிறேன்னா பேட்டர்டேல் ஊர்ல இருந்து ஷாப் ஊருக்குப் போற அந்த ஒரு நாள். கிட்ஸ்டி பைக்னு ஒரு உச்சி, 780 மீட்டர், வழக்கமான வழியில அதுதான் ஆக உயரம். நான் கணக்குப் போட்டேன். 1892-ல நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இருக்கு, அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோட 600 மீட்டர் ஏத்தத்துக்கு ஒரு மணி நேரம் கூட. உனக்கு அன்னிக்கு சுமார் 25 கிலோமீட்டர், ஏத்தமும் சேத்தா ஆறு மணி நேரத்துக்கு மேல, இது நிக்காம நடக்கிற கணக்கு. டிரெயில்பிளேசர்ல போட்டிருக்கிற நேரமும் நடை மட்டும்தான், நிக்கிறது சாப்பிடுறது போட்டோ எடுக்கிறதுக்கெல்லாம் இருபது முப்பது சதவீதம் நாமதான் கூட்டிக்கணும்னு அவனே முன்னாடி எழுதியிருக்கான், யாரும் அந்தப் பக்கத்தப் படிக்கிறதில்ல. நீ எடுக்கிற போட்டோவுக்கு அம்பது சதவீதம் போடு. சாப்பாடு கையில எடுத்துக்க, ஷாப்ங்கிற ஊரு வர்ற வரைக்கும் வழியில ஒரு ஷாப்பு கிடையாது.

அந்த உச்சியில இருந்து எறங்குனா ஹாஸ்வாட்டர் ஏரி. உங்க மான்செஸ்டருக்கு தண்ணி கொண்டு போறதுக்காக 1930-கள்ல அணை கட்டி மார்டேல்ங்கிற ஊரையே முக்கிட்டாங்க. நீ தெனம் குடிக்கிற தண்ணியில அதுவும் இருக்கும். நல்ல வறட்சி வந்தா அந்த ஊரு சுவரும் பாலமும் வெளிய தெரியுமாம், நம்ம மேட்டூர்ல தண்ணி எறங்கினா நந்தி தலை காட்டுமே அது மாதிரி. கைடு புக்கு நல்லதா இல்லையான்னு பாக்க இதெல்லாம் எழுதியிருக்கானான்னும் நான் பாப்பேன், வலப்பக்கம் திரும்பு இடப்பக்கம் திரும்புன்னு மட்டும் சொல்றதுக்கு போர்டு போதும்.

அதவிட நல்ல சோதனை ஒண்ணு சொல்றேன். நாங்க ஒரு மேப்ப கையில எடுத்தா முதல்ல தெரிஞ்ச சர்வே கல்லுல வச்சு சரிபாப்போம், அப்புறம்தான் தெரியாத எடத்துக்குப் போறது. நீயும் கடையில நின்னுகிட்டே கிராஸ்மியர் பக்கத்தத் திற, அங்க நாம நடந்தோம்ல, நீ வழுக்குன எடம் ஞாபகம் இருக்கும். அந்தப் பாதைய அவன் எப்படி எழுதியிருக்கான்னு படி. நீ கண்ணால பாத்தது அப்படியே வருதுன்னா மிச்ச பக்கத்தயும் நம்பலாம், சும்மா அழகு அழகுன்னு எழுதியிருந்தா கீழ வச்சுடு. இதுக்காகவே நேர்ல கடைக்குப் போ, ஆன்லைன் வேணாம், ஒரு தடவ பட்டது போதும். வாங்குறதுக்கு முன்னாடி உங்க லைப்ரரில ரிசர்வ் பண்ணி ஒரு வாரம் வீட்டுல வச்சுப் பாக்கலாம். மே மாசத்துக்கு கிளம்புறதுன்னா இப்பவே வேணும், ஏன்னா எந்த ஊர்ல ராத்திரி தங்குறதுங்கிறத புக்கு பாத்துதான் முடிவு பண்ணுவ, நல்ல ரூமெல்லாம் அதுக்குள்ள போயிடும்.

கிர்க்பி ஸ்டீஃபன் தாண்டி நைன் ஸ்டாண்டர்ட்ஸ்னு மலைமேல ஒன்பது கல்லு கோபுரம் நிக்கும், அங்க பூமி எல்லாம் ஊறிப்போன பீட் மண்ணு, கூட்டம் நடந்து நடந்து பாதை கொழகொழன்னு ஆயிடுச்சுன்னு ரொம்ப வருஷமா மாசத்துக்கு ஏத்த மாதிரி மூணு வழி வச்சிருந்தாங்க, சிவப்பு நீலம் பச்சைன்னு. மே ஜூன் ஜூலைக்கு சிவப்பு. உன் பழைய புக்குல இதப் பத்தி என்ன இருக்குன்னு பாரு, புதுசுல என்ன இருக்குன்னு பாரு, ரெண்டும் ஒத்துப்போகலன்னா புதுசு சொல்றதக் கேளு. சிசரோன்காரன் வெப்சைட்ல ஒவ்வொரு புக்குக்கும் மாறின விஷயத்த போட்டுட்டே இருக்கான், கிளம்புறதுக்கு முந்தின நாள் அதையும் பாத்து புக்குலயே பேனாவுல திருத்திடு. ஏ19 ரோட்டக் குறுக்க கடக்கிற எடத்துக்கு ஒரு சிவப்பு ரவுண்டு போடு, வண்டி பறக்குமாம், இத உங்கம்மாகிட்ட நான் சொல்லல.

வெயிட்டு குறைக்க புக்க பிளேடால கிழிச்சு பாதி பாதியா எடுத்துட்டுப் போறாங்க எல்லாரும்னு சொன்னேல்ல. எனக்கு மனசு ஒப்பல பாப்பா. கால் பட்டாலே தொட்டுக் கும்பிட வச்ச புக்கு. ஜெராக்ஸ் எடுத்துக்க, ஒரு நாளைக்கு ரெண்டு தாளு, பிளாஸ்டிக் கவர்ல போட்டு கழுத்துல மாட்டிக்க, நடந்து முடிச்ச தாள எங்கயாவது ரூம்ல போட்டுட்டு வந்துடு. கேக்கமாட்ட, தெரியும், குறைஞ்சபட்சம் அந்த மூணு பவுண்டு புக்கயாவது கிழிக்காத.

அப்புறம் எந்த கைடு புக்குலயும் தேடினாலும் கிடைக்காதது ஒண்ணு. கடைசி சில நாள்ல டான்பி விஸ்க்னு ஒரு சின்ன ஊரு வழியா போவ, அங்கிருந்து சில மைல்ல நார்தலர்டன். அந்த ஊருக்குப் பக்கத்துலதான் லாம்டன் பொறந்தாரு. எந்த லாம்டன்னு கேக்காத, சின்ன வயசுல பரங்கிமலைக்குக் கூட்டிட்டுப் போயி காட்டினேனே. 1802 ஏப்ரல்ல பரங்கிமலைப் பக்கம் தரையில சங்கிலி போட்டு அளக்க ஆரம்பிச்சவரு, அதுல இருந்துதான் இந்தியா முழுக்க முக்கோணம் முக்கோணமா அளந்துட்டே போனாங்க. 1808-ல தஞ்சாவூர் பெரிய கோயில் கோபுரத்துல கோணம் அளக்கிற அரை டன் தியோடலைட் கருவிய கயிறு கட்டித் தூக்கும்போது கயிறு போயி கருவி நசுங்கி, மனுஷன் அத உள்ள வச்சுப் பூட்டிட்டு தானே உக்காந்து தட்டித் தட்டி சரிபண்ணினாராம். அந்த ஊர்க்காரங்களுக்கு இவரு யாருன்னு தெரியுமோ என்னமோ. நீ அங்க வயல் நடுவுல நடக்கும்போது ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, வயல் மட்டும் போதும்.

கடைசியா ஒரு விஷயம், இதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதினேனோன்னு உங்கம்மா சந்தேகப்படுறா. எந்த புக்கு எடுத்தாலும் ரெண்டா எடு, ஒரே பதிப்பு, ஒரே வருஷம். இங்க ஆன்லைன்ல பாத்தேன், விலை மூணு மடங்கு, எந்தப் பதிப்பு வரும்னும் கேரண்டி இல்ல. உன் கூட வேலை பாக்கிற அந்த தென்காசிப் புள்ள மார்ச்சுல ஊருக்கு வருதுல்ல, அதுகிட்ட குடுத்துவிடு. நீ ராத்திரி ரூமுக்குப் போயி டயர்டா இருப்ப, கதையெல்லாம் எழுத வேணாம், பேஜ் நம்பர் மட்டும் அனுப்பு. நான் இங்க பென்சிலோட உக்காந்திருப்பேன்.

அன்புடன்
அப்பா

பி.கு: பருப்புப்பொடி அரை கிலோ ரெடியாகுது, ஷாப் நாளைக்குன்னு தனி பொட்டலம். வெயிட்டுன்னு சொல்லக்கூடாதாம்.