இதில் பட்ஜெட் எடுக்காதீங்க

ஜெலுத்தோங், பினாங்கு
18 ஜனவரி 2026

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவும் நானும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, மழை பெய்தால் கொஞ்சம் கூடும். அக்கா மகளுக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது. பெரிய மாமா வழக்கம்போல. உனக்கு வாட்ஸ்அப்பில் போட்டால் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால் தாளில் எழுதுகிறேன். 34 வருஷம் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவனுக்குத் தாளில் எழுதினால்தான் மனசில் இருப்பது வரும்.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் நீ பட்டர்வொர்த்தில் ரயில் ஏறிப் போனாய். புதன்கிழமை வரை இருப்பதாகச் சொல்லியிருந்தாய். அம்மா உனக்கென்று எடுத்து வைத்த முறுக்கு டின் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. திறக்க விடமாட்டேன் என்கிறாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மேகியே கதி என்று இருக்காதே. எந்தத் தாளாக இருந்தாலும் முழுசாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே.

பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போது மேல் அலமாரியில் உன் வீடியோ டேப் ஒன்று கிடைத்தது. மேலே வெள்ளைத் தாள் ஒட்டி, உன் கோழிக் கிறுக்கலில், "அப்பா, இதில் பட்ஜெட் எடுக்காதீங்க" என்று எழுதியிருக்கிறாய். முதல் டேப்புக்கு என்ன ஆனது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு நாடாளுமன்றத்தில் பட்ஜெட் வாசிப்பார்கள், நான் ஆபீசில் இருப்பேன், அதனால் அதைப் பதிவு செய்ய டைமர் வைத்துவிட்டுப் போனேன். உள்ளே எந்த டேப் இருக்கிறது என்று பார்க்கவில்லை, உன் படத்தின் மேலேயே பட்ஜெட் பதிவாகிவிட்டது. நீ அழவில்லை. அழுதிருந்தால் நான் அன்றைக்கே மறந்திருப்பேன்.

நம் வீட்டு பிளேயர்தான் எப்போதோ போய்விட்டதே. லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போய் ஒன்று தேடி வாங்கினேன். கடைக்காரர் நாற்பது சொன்னார், இருபத்தைந்துக்கு முடித்தேன். ராத்திரி அம்மா படுத்த பிறகு போட்டுப் பார்த்தேன். கோடு கோடாக ஓடியது, ஆனால் ஓடியது.

'ஸ்மார்ட் ஹவுஸ்'. 1999-இல் டிஸ்னி சேனலுக்கென்றே எடுத்த படம், தியேட்டருக்கு வராத படம் என்று நீ அப்போது சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். ஆனால் ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. அம்மா இல்லாத பையன். அப்பாவுக்கு எப்போதும் வேலை. வீட்டு வேலையெல்லாம் தானே செய்யும் கம்ப்யூட்டர் வீடு ஒன்று போட்டியில் கிடைக்கும் என்று தெரிந்து, அந்தப் பையன் விடாமல் எழுதிப் போட்டு ஜெயிக்கிறான். அப்புறம் அந்த வீடே அவர்களுக்கு அம்மாவாக மாறி, வெளியே போக விடாமல் கதவைப் பூட்டிக்கொள்கிறது. சின்னப் பிள்ளைகள் படம் என்று நினைத்திருந்தேன். முடிந்த பிறகு விளக்குப் போடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீ அந்தப் படங்களைப் பார்த்த விதம் ஞாபகம் வந்தது. வசனம் ஆங்கிலம், கீழே ஓடும் எழுத்து மலாய், நீ எங்களுக்குக் கதை சொல்வது தமிழில். அம்மா சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டே கேட்பாள். 2006-இல் அமெரிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடிப் பாடுகிற படம் வந்து ஊரெல்லாம் பேசியதே, நம் மாடி வராந்தாவில் மூன்று வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து ஆட வைத்தாய். கீழ்வீட்டு ஆண்டி ஏறி வந்து சத்தம் போட்டார். நானும் உன்னைத்தான் திட்டினேன். நன்றாகத்தான் ஆடினீர்கள்.

சரி, பிள்ளைகளுக்கு டெலிமூவி, அதாவது டிவிக்கென்றே எடுக்கிற படம், எடுக்க அரசாங்கம் பணம் தர வேண்டும் என்று நீ சொல்லி, தீபாவளி ராத்திரி நாம் சண்டை போட்டோமே, அந்தப் பேச்சுக்கு வருகிறேன்.

நான் சொன்னதில் கணக்குத் தவறு இல்லை. நம் நாட்டு 2026 பட்ஜெட் 419.2 பில்லியன் மலேசிய வெள்ளி. அதில் வளர்ச்சிக்கு 81 பில்லியன், மீதி எல்லாம் நடப்புச் செலவு. வாங்கின கடனுக்கு வட்டி மட்டும் வருஷத்துக்கு 50 பில்லியனுக்கு மேல் போகிறது. பெட்ரோலை லிட்டர் 1.99-க்குக் கொடுக்கிறார்கள், பதினெட்டு வயது நிரம்பியவர் எல்லாருக்கும் போன ஆகஸ்டில் நூறு வெள்ளி அடையாள கார்டில் போட்டார்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் வாங்கினேன், அரிசியும் எண்ணெயும் எடுத்தேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் அரை நாள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். இந்த நிலையில் பிள்ளைகளுக்கு டெலிமூவி எடுக்க அரசாங்கம் பணம் தர வேண்டுமா என்று கேட்டேன். அமெரிக்காவிலேயே போன ஜூலையில் பொது ஒளிபரப்புக்கு வைத்திருந்த 1.1 பில்லியன் டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்றும் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

நீ சொன்னதையும் மறக்கவில்லை. 1969-இல் அமெரிக்க செனட்டில் இதே பேச்சு வந்தபோது, குழந்தைகளுக்கு நிகழ்ச்சி நடத்திய பிரெட் ரோஜர்ஸ் என்ற மனிதர் ஆறு நிமிஷம்போல அமைதியாகப் பேசினார், கடுகடுவென்று இருந்த செனட்டர் மனசு மாறி அந்த 20 மில்லியன் டாலர் உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார் என்றாய். டிஸ்னி படங்கள் கம்பெனிக் காசில் வந்தவை, அரசாங்கக் காசு இல்லை என்றேன். அதற்கு நீ, "அவங்களுக்கு உலகமே பார்க்குதுப்பா, கம்பெனி போடும். இங்கே ஐந்நூறு தமிழ்ப்பள்ளியில படிக்கிற பிள்ளைகளுக்கு எந்தக் கம்பெனி போடும்?" என்று கேட்டாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாததால்தான் சத்தம் போட்டேன்.

டிவி வைத்திருந்தால் வருஷத்துக்கு 24 வெள்ளி லைசன்ஸ் கட்டின காலம் ஒன்று இருந்தது. பிற்பாடு எடுத்துவிட்டார்கள். அந்த ரசீதெல்லாம் இன்னும் என் ஃபைலில் இருக்கிறது. ஒரு வெள்ளி செலவானாலும் அதற்கு வவுச்சர் கேட்டவன், இந்த 24 வெள்ளிக்கு என் பிள்ளைக்கு அவன் பாஷையில் என்ன படம் வந்தது என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. நீ கேட்கிறாய். அதில் எனக்குப் பெருமைதான். கோவிலில் பார்க்கிற நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன், என் மகன் கோலாலம்பூரில் டைரக்டர் என்று. உன்னிடம் சொன்னதில்லை.

ஆனால் அதற்காக, அரசாங்கப் பணம் கேட்டு நீ போட்ட மனுவுக்குப் பணம் வரவில்லை என்றதும் கையில் இருப்பதையெல்லாம் போட்டுப் படம் எடுக்கத்தான் வேண்டுமா? இபிஎப் சேமநிதியின் மூன்றாவது கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று 2024-இல் கொண்டுவந்தார்கள், அதைத் தொடாதே. தொட்டிருந்தால் பரவாயில்லை, இனிமேல் தொடாதே. வெளியே வாங்காதே. கடன் வாங்கினவனுக்கு முதல் மறந்துபோகும், வட்டி கட்டுவதே வேலையாகிவிடும். நாட்டுக்கும் அதுதான், வீட்டுக்கும் அதுதான். உன்னைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

டிசம்பரில் வீட்டு நம்பருக்கு இரண்டு முறை போன் வந்தது. ஆண் குரல். மலாயில், உன் முழுப்பெயரைச் சொல்லிக் கேட்டார். அப்படி யாரும் இங்கே இல்லை என்று வைத்துவிட்டேன். ஏதாவது பார்சலாக இருக்கும். அம்மாவுக்குத் தெரியாது. கையெழுத்து விஷயம் மேலே எழுதியிருக்கிறேன், மறுபடியும் படி.

இன்னொன்று. இதற்காகத்தான் மூன்று நாளாகத் தாளை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

உன் டெலிமூவி டிவியில் வந்த அன்றைக்கு நான் முழுசாகப் பார்க்கவில்லை. அம்மா அக்கா பிரசவத்துக்கு சுங்கைப் பட்டாணி போயிருந்தாள், நான் தனியாக இருந்தேன். தேநீர் போட்டுக்கொண்டு சரியான நேரத்துக்கு உட்கார்ந்தேன். எழுத்து ஓடும்போது உன் பெயருக்குப் பின்னால் என் பெயரும் வந்தது. அப்புறம் அந்தப் பையன், பிளாட் படிக்கட்டில் பள்ளிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, லிப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்க்கிறான். அவன் அப்பா வரவில்லை. மறுபடியும் திறக்கிறது, வேறு யாரோ. அதுவரைக்கும்தான் பார்த்தேன். டிவியை அணைத்துவிட்டு வராந்தாவில் போய் நின்றேன்.

ராத்திரி நீ போன் பண்ணினாய். "நல்லா இருந்துச்சு, கேமரா ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன். முடிவு பிடித்திருந்ததா என்று கேட்டாய். பிடித்திருந்தது என்றேன். முடிவு என்ன என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது, தம்பி. அந்த அப்பா வந்தாரா இல்லையா என்றுகூடத் தெரியாது.

அந்தப் படிக்கட்டில் நீ உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். வருஷக் கடைசியில் கணக்கு முடிக்கிற மாதங்களில் எட்டு மணிக்குத்தான் வருவேன். எட்டு மணி வரைக்கும் வேலை இருந்தது எல்லா நாளும் இல்லை. சில நாள் ஆபீஸ் கீழே தேநீர்க் கடையில் உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்கு வந்தால் நீ கதை சொல்ல ஆரம்பிப்பாய், கேட்கப் பொறுமை இருக்காது என்று. தீபாவளிக்கு நான் உன்னோடு சண்டை போட்டது அரசாங்கப் பணத்துக்காக என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

படத்தை ஒரு பென்டிரைவில் போட்டு அனுப்பு. அக்கா வீட்டு டிவியில் ஓடுமாம். அம்மாவையும் உட்கார வைத்துப் பார்க்கிறேன்.

தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. வர முடிந்தால் வா. சின்ன வயதில், முதல் நாள் வெள்ளி ரதம் வரும்போது டத்தோ கிராமாட் சாலையில் தேங்காய் உடைப்பதைப் பார்க்க என் தோளில் ஏறிக்கொள்வாய். இந்த வருஷம் நானும் அம்மாவும் வழக்கமான இடத்தில்தான் நிற்போம்.

என் பெயரிலும் அம்மா பெயரிலும் இருக்கிற எஃப்டி மார்ச் 9-ஆம் தேதி முடிகிறது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் எடுத்துவிடலாம். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். எவ்வளவு என்று மட்டும் எழுது. எதற்கு என்று எழுத வேண்டாம்.

அன்புடன்,
அப்பா

டேப்பை முதலுக்குச் சுற்றி, டப்பாவில் போட்டு, உன் அறை மேசையில் வைத்திருக்கிறேன்.